கணுக்கால் சுளுக்கு: கால் மடங்கிய நிமிடத்திலிருந்து மைதானம் திரும்பும் வரை

வாலிபாலில் வலையருகே குதித்து இறங்கும்போது எதிராளியின் பாதத்தின் மேல் கால் விழும். கபடியில் ரைடரின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, உடம்பு மட்டும் கோட்டை நோக்கித் திரும்பும். கால்பந்தில் ஓடுகிற ஓட்டத்தில் குழியில் கால் வைத்துவிடுவார்கள். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: விரல்கள் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும் நிலையில் பாதம் உட்பக்கமாக மடங்குகிறது, கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு தாங்க முடியாமல் இழுபட்டுக் கிழிகிறது.

அந்தப் பக்கம் மூன்று ஜவ்வுகள் உண்டு. வெளிக் கணு எலும்பின் முன்பக்கத்திலிருந்து பாதத்துக்குப் போகும் முன் ஜவ்வுதான் மெலிந்தது; பெரும்பாலும் அதுதான் முதலில் அடிபடும். விசை அதிகமென்றால் எலும்பின் நுனியிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் இரண்டாவதும் சேர்ந்து போகும். பின்பக்க ஜவ்வு கிழிய வேண்டுமானால் மூட்டே விலகும் அளவுக்கு அடி விழுந்திருக்க வேண்டும்.

இந்தக் காயத்தில் ஆட்டக்காரர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. முதல் நாளில் எலும்பு முறிவைச் சுளுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் வலி போனதையே குணமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. இரண்டாவதுதான் ஆளைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளுகிறது.

மைதானத்தில்

ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். "நடந்து பார், சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு சுற்று ஓடவிடுவது நம் மைதானங்களில் வழக்கம். கிழிந்த ஜவ்வோடு ஓடினால் அரைகுறைக் கிழிசல் முழுக் கிழிசலாக வாய்ப்பு உண்டு. வலியைத் தற்காலிகமாக மரக்கச் செய்யும் ஸ்ப்ரே தோலைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். உள்ளே நடந்ததை அது மாற்றாது. அதை அடித்துவிட்டுத் திரும்ப இறங்குவது, எச்சரிக்கை மணியின் வயரை அறுத்துவிட்டு வேலையைத் தொடர்வது மாதிரி.

ஷூ லேஸைத் தளர்த்தி, மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். கொலுசு, மெட்டி, காலில் கட்டிய கயிறு எதுவானாலும் இப்போதே எடுத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டு உணர்வில்லாமல் போனாலோ அடுத்த பத்திகளைப் படிக்க வேண்டாம். காலை அசையாமல் வைத்து, கிடைத்த அட்டையோ தலையணையோ கொண்டு இருபுறமும் அணை கொடுத்துக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள்.

எக்ஸ்ரே தேவையா?

வீக்கத்தின் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண ஜவ்வுக் கிழிசல் முட்டை அளவுக்கு வீங்கும்; எலும்பு விரிசல் சில சமயம் லேசாகத்தான் வீங்கும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதி ஒன்று உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இன்றும் பயன்படுகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே சோதிக்கலாம்.

வெளிக் கணு எலும்பின் நுனியில் தொடங்கி, அதன் பின் விளிம்பிலேயே 6 செ.மீ. மேலே வரை எலும்பை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு உள்பக்கக் கணு எலும்பிலும் அதே மாதிரி. எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே தேவை. எலும்புக்கு முன்னால், கீழே உள்ள மெத்தென்ற குழியில் மட்டும் வலித்தால் அது பெரும்பாலும் ஜவ்வு. ஏன் பின் விளிம்பு? முன்பக்கம் ஜவ்வு ஒட்டியிருக்கிறது. அங்கே அழுத்தினால் எந்தச் சுளுக்கும் வலிக்கும். எலும்பையும் ஜவ்வையும் பிரித்தறிய முடியாது.

அடுத்து பாதம். சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கிப் பாதத்தின் வெளி விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும். அதையும், உள்வளைவின் உச்சியில் கணுவுக்குச் சற்று முன்னால் துருத்தும் எலும்பையும் அழுத்துங்கள். வலித்தால் எக்ஸ்ரே, அதுவும் பாதத்துக்குத் தனியாக. கணுக்காலை மட்டும் படம் எடுத்துவிட்டு "முறிவு இல்லை" என்று வீட்டுக்கு வந்தவர்களின் சுண்டுவிரல் பக்க எலும்பு முறிந்திருந்தது பின்னால் தெரியவருவது புதிதல்ல.

கடைசியாக, நான்கு அடி. நொண்டினாலும் பரவாயில்லை, அடிபட்ட காலில் எடையைப் போட்டு நான்கு அடி வைக்க முடிகிறதா? அடிபட்டவுடனும் முடியவில்லை, மருத்துவமனையிலும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே.

இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் முறிவுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும், குடித்திருப்பவர்களுக்கும் வலி சரியாகத் தெரியாது. அவர்களிடம் இந்த விதியை நம்ப வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கும் நேராக மருத்துவர்தான். அந்த வயதில் எலும்பு நுனியின் வளர்ச்சிப் பகுதி ஜவ்வைவிட பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு கிழியும் அடியில் பிள்ளைக்கு அந்த இடம் விலகும். முதல் நாளே எம்ஆர்ஐ எடுப்பது மட்டும் பெரும்பாலும் வீண் செலவு. சிகிச்சை அதனால் மாறப் போவதில்லை.

முதல் மூன்று நாள்

முதலில் செய்யக்கூடாதது: நீவுதல். "நரம்பு பிசகியிருக்கு" என்று சொல்லி, சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் நல்லெண்ணெய் விட்டு அழுத்தி நீவுவதும், காலைச் சொடக்குவதும் ஊருக்கு ஊர் நடக்கிறது. காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லும் ஊர்களும் உண்டு. உள்ளே பிசகிய நரம்பு எதுவும் இல்லை. கிழிந்த நாரும் கசியும் ரத்தக் குழாய்களும்தான் இருக்கின்றன. நீவ நீவ ரத்தக் கசிவு கூடும், வீக்கம் ஏறும். வெந்நீர் ஒத்தடத்துக்கும் சூடேற்றும் தைலத்துக்கும் இதுவே பதில்: முதல் 72 மணி நேரம் வேண்டாம். எக்ஸ்ரே பார்க்காமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் கட்டு இன்னும் ஆபத்து. வீக்கம் ஏற இடமில்லாமல் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம்.

ஐஸ்: நொறுக்கிய ஐஸைப் பாலித்தீன் பையில் போட்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துண்டின் மேல் வைத்து 15 நிமிடம், அதிகம் போனால் 20. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள் போதும். வெறும் தோலில் வைத்தால் தோல் கருகும். தைலம் தடவிய இடத்தில் வைக்கவே கூடாது. ஐஸ் வலியைக் குறைக்கும். ஜவ்வைச் சீக்கிரம் ஒட்ட வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஐஸைவிட வேலை செய்வது அழுத்தம். இங்கேதான் பலரும் கட்டை வீணாக்குகிறார்கள். கணு எலும்பு துருத்திக்கொண்டிருப்பதால், மேலே பேண்டேஜ் சுற்றினால் அழுத்தம் எல்லாம் எலும்பின் மேல்தான் விழும். வீக்கம் தேங்குவதோ எலும்பைச் சுற்றியுள்ள குழியில். அதனால் அரை அங்குல கனமுள்ள ஸ்பாஞ்சையோ மடித்த துணியையோ 'ப' எழுத்தின் வடிவில் வெட்டி, கணு எலும்பு நடுவில் அமரும்படி வையுங்கள். மூடிய பக்கம் எலும்பின் நுனிக்குக் கீழே, திறந்த பக்கம் மேலே. இதற்கு மேல் கட்டு.

கட்டுக்கு 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜ். பாதத்தைக் கெண்டைக்காலுக்கு நேர் செங்குத்தாக, எல் வடிவில் வைக்கச் சொல்லுங்கள். தொங்கவிட்டபடி கட்டினால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். விரல்களின் அடியில் இரண்டு சுற்று. பிறகு பாதத்தின் மேலிருந்து உள் விளிம்புக்குப் போய், அடிப்பாதம் வழியாக வெளி விளிம்பில் ஏறி, கணுக்காலைச் சுற்றித் திரும்ப இறங்கி, 8 போடுவது போல. இந்தத் திசை முக்கியம். வெளி விளிம்பில் மேல்நோக்கி இழுத்தால்தான் பாதம் உட்பக்கம் மடங்காமல் நிற்கும். எதிர்த்திசையில் சுற்றினால் கிழிந்த ஜவ்வையே நாம் இழுத்துப் பிடித்தது ஆகும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். பேண்டேஜ் எவ்வளவு நீளுமோ அதில் பாதி இழுவை போதும். கணுவுக்கு ஒரு சாண் மேலே முடியுங்கள், விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள்: இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். இரவில் தளர்த்திவிட்டுத் தூங்கலாம்.

படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டினால் அந்த உயரம் வராது. படுத்து இரண்டு தலையணை.

வலிக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். பெரியவர்களுக்கு நாளுக்கு 3 கிராம் எல்லை. கல்லீரல் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலோட்டமாகத் தடவலாம், தேய்க்க வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளை வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் யாருமே கூடாது.

பைக் ஓட்டாதீர்கள். இடது காலென்றால் கியர், வலது காலென்றால் பிரேக்; இரண்டுமே அவசரத்தில் ஏமாற்றும். இந்திய முறைக் கழிப்பறையில் குந்த முயல்வதும் இந்த வாரம் வேண்டாம். ரப்பர் செருப்பு காலைப் பிடிக்காது. வீட்டுக்குள்ளும் ஷூ போடுங்கள்.

கட்டிப் போடாதீர்கள், நடக்க வையுங்கள்

சாதாரணச் சுளுக்குக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு போடும் பழக்கம் மெல்ல ஒழிந்து வருகிறது. அசையாத மூட்டு இறுகும், கெண்டைக்கால் சதை மெலியும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். ஜவ்வு முழுக்கக் கிழிந்திருந்தால்கூட பாதி மாவுக்கட்டிலோ, காலை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸிலோ ஒரு வாரம், பத்து நாள் வைத்துவிட்டு, பிறகு கணுக்காலைத் தாங்கும் பிரேஸ் போட்டு அசைக்கத் தொடங்குவதே இப்போதைய முறை. மிதமான இழுவை ஜவ்வின் புதிய நார்களை இழுவையின் திசையிலேயே அடுக்கும். அசைவே இல்லையென்றால் அவை தாறுமாறாகச் சேரும்.

ஊன்றுகோல் ஒன்றுதான் என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். குதிகாலை முதலில் வைத்து, விரலில் தள்ளி, நேராக நடக்க வேண்டும். பாதத்தை வெளியே திருப்பி வாத்து நடை நடப்பது வலி குறைவுதான்; பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

முதல் நாட்களில் பாதத்தை மேலும் கீழும் மட்டும் அசையுங்கள், மணிக்கு ஒருமுறை 20 தடவை. நான்காவது நாள்வாக்கில் கட்டைவிரலை எழுதுகோலாக்கி அந்தரத்தில் அ முதல் ஔ வரை எழுதலாம். இதில் எல்லாத் திசை அசைவும் வந்துவிடும். துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி உங்களை நோக்கி இழுத்து 30 நொடி பிடியுங்கள், மூன்று முறை.

முதல் வார முடிவில், ஒட்டாவா சோதனையில் சிக்கல் இல்லாதவர்கள் வலுப் பயிற்சிக்குப் போகலாம். பழைய சைக்கிள் ட்யூபை மேஜைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் இழுங்கள். திரும்பி வருவதை மூன்று நொடி தாமதப்படுத்துங்கள். 15 தடவை, மூன்று சுற்று. மடங்கும் பாதத்தைக் கடைசி நொடியில் பிடித்து நிறுத்தும் தசைகள் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இருக்கின்றன, இந்தப் பயிற்சி அவற்றுக்குத்தான். முழங்கால் ஆடினால் தொடைதான் வேலை செய்கிறது என்று அர்த்தம். கூடவே குதிகாலை உயர்த்தி இறக்குவது: முதலில் இரண்டு காலில், வலியில்லாமல் 20 வந்ததும் ஒற்றைக் காலில்.

பெரும்பாலானோர் விட்டுவிடும் பகுதி

ஜவ்வுக்குள் நரம்பு நுனிகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஜவ்வு கிழியும்போது அவையும் கெடுகின்றன. வலி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். இந்தத் தகவல் பரிமாற்றம் தானாகத் திரும்பாது. அதனால்தான் "சும்மா நடக்கும்போதே கால் மடங்குது" என்று ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். பலர் நினைப்பது போல அது ராசியில்லாத கால் அல்ல, பாதியில் விட்ட பயிற்சி.

வெறுங்காலில் ஒற்றைக் காலில் நில்லுங்கள், 30 நொடி, ஐந்து முறை. ஆட்டமில்லாமல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. சுவர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு தலையணை மேல். பிறகு தலையணை மேல் நின்றபடி நண்பர் எறியும் பந்தைப் பிடிப்பது. தினம் பத்து நிமிடம், ஆறு வாரமாவது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணுக்கால் முன்பு போல வளைகிறதா என்று பார்க்கச் சுவர் போதும். கட்டைவிரலைச் சுவரிலிருந்து சில செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அதிகபட்சத் தூரத்தை அளந்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்குமேல் இருந்தால் மூட்டு இன்னும் இறுக்கம்தான். குதிகால் தரையில் படியக் குந்தி உட்கார முடிகிறதா என்பதும் நல்ல சோதனை.

ஓட்டத்துக்கு வரிசை இருக்கிறது: அரை மணி நேரம் வேகமாக நடந்து மறுநாள் வீக்கம் இல்லையென்றால் நேர்கோட்டில் மெல்லோட்டம். அதன் பிறகு அகலமான 8 வடிவ ஓட்டம், பிறகு சின்ன 8. கடைசியாகத்தான் சட்டென்று திரும்புவதும் குதித்து இறங்குவதும். எந்தப் படியிலாவது மறுநாள் காலை வீங்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஆட்டத்துக்குத் திரும்ப, ஒற்றைக் காலில் முன்னே தாண்டும் தூரம் நல்ல காலில் 90 சதவீதமாவது வேண்டும். 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பக்கவாட்டில் ஒற்றைக் காலில் பத்து முறை போய் வர முடிய வேண்டும், தயக்கம் இல்லாமல். தயங்கினால் மூளை அந்தக் காலை இன்னும் நம்பவில்லை.

லேசான இழுவைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், பாதிக் கிழிசலுக்கு மூன்று முதல் ஆறு, முழுக் கிழிசலுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். 2023 உலகக் கோப்பையில் அக்டோபர் 19 அன்று புனேயில், தான் வீசிய பந்தைக் காலால் தடுக்கப் போய் இடது கணுக்காலில் அடிபட்ட ஹர்திக் பாண்டியா, அதன் பிறகு அந்தத் தொடரில் ஆடவே இல்லை. முழு மருத்துவக் குழு கூடவே இருந்தும் அவசரப்படுத்த முடியாத காயம் இது.

திரும்பிய பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆடும்போது லேஸ் கட்டும் பிரேஸ் போடுங்கள். டேப்பும் உதவும், ஆனால் வியர்வையிலும் அசைவிலும் அரை மணி நேரத்துக்குள்ளேயே அதன் பிடி தளர ஆரம்பிக்கும், தினம் ஒட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். கிளப் அளவில் ஆடுபவருக்கு பிரேஸ்தான் லாபம். பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், பயிற்சி தொடர்ந்தால் போதும்.

சுளுக்கு வேஷத்தில் வருபவை

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல, சில சமயம் "டப்" என்ற சத்தத்தோடு கெண்டைக்காலுக்குக் கீழே வலி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இது கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்ததற்கான அடையாளம். 2010 மார்ச்சில் ஏசி மிலான் அணிக்காக ஆடிய டேவிட் பெக்காம் யாரும் மோதாமலேயே இப்படி வெளியேறி, அந்த ஆண்டின் உலகக் கோப்பையைத் தவறவிட்டார். குதிநாண் அறுந்தாலும் விரலை அசைக்க முடியும், தட்டுத் தடுமாறி நடக்கவும் முடியும்; அதனால் ஏமாறுகிறார்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையைப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. அசையாவிட்டால் பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்த நிலையிலேயே வைத்துக் கட்டி, அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் வந்தால் அறுவை சிகிச்சை இல்லாமல் மருத்துவ பூட்ஸிலேயே ஒட்ட வைக்கலாமா என்று யோசிக்க இடம் இருக்கும். நாள் தள்ளத் தள்ள அறுந்த நுனிகள் விலகிக்கொண்டே போகும். சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுக்கும்போது குதிநாண் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துகளுக்கும் நாண் அறுவதற்கும் தொடர்பு உண்டு.

அறாமல் வெறும் நாள்பட்ட வலியென்றால் வேறு கதை. படிக்கட்டின் விளிம்பில் நின்று, இரண்டு காலில் எழுந்து, வலிக்கும் காலில் மட்டும் மெல்ல இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரு வேளை, 12 வாரம். வலி நாண் குதிகாலில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், தரையில் நின்றே செய்யுங்கள்.

வலி கணுவுக்கு மேலே, இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் இருக்கிறதா? முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்பையும் சேர்த்து அழுத்தும்போது கணுக்காலில் வலித்தால் அது மேல் ஜவ்வு. சாதாரணச் சுளுக்கைவிட இரு மடங்கு நாள் பிடிக்கலாம். எலும்புகள் விலகியிருந்தால் அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

அடிப்பாதத்தின் நடுவில் கன்றிப்போன நீலம் தெரிந்தால் அசட்டை செய்யாதீர்கள். பாதத்தின் நடு மூட்டுகள் விலகியிருக்கலாம். படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் அது ஒளிந்துகொள்ளும். முடிந்தால் நின்றபடி, இரண்டு பாதத்தையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஆறு வாரம் தாண்டி மூட்டுக்குள்ளேயே ஆழமாக வலிக்கிறது, பூட்டிக்கொள்கிறது என்றால் இப்போது எம்ஆர்ஐக்கு அர்த்தம் உண்டு. ஜவ்வு கிழிந்தபோதே உள்ளே குருத்தெலும்பும் சிதைந்திருக்கலாம். மூன்று நான்கு மாத முறையான பயிற்சிக்குப் பிறகும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால்தான் ஜவ்வைத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ எந்த வாரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.